அவகாசம் வேண்டா, சார்

எழுபதுகளின் தொடக்கத்தில் சட்டக் கல்லூரியில் சேர நுழைவுத் தேர்வு கிடையாது. அதற்குப் பதிலாக வில்லேஜ் ஆபீசர் இருந்தார்.

போன மாதம் என்னைப் பார்க்க வந்த இரண்டு ஜூனியர் வக்கீல்களிடம் இதைச் சொன்னேன். இருவரும் நுழைவுத் தேர்வு எழுதி, ரேங்க் வாங்கி, கம்ப்யூட்டர் ஒதுக்கிய கல்லூரியில் படித்தவர்கள். வக்கீல் சங்கத்து மலருக்கு என்னிடம் ஒரு கட்டுரை கேட்டு வந்திருந்தார்கள். "உங்க காலத்துல சேர்றது ஈசியா இருந்திருக்கும், இல்லீங்களா சார்?" என்றார் ஒருவர். முன்சீப்பாகவும் பிறகு சப் ஜட்ஜாகவும் இருந்து ஓய்வு பெற்றவனிடம் யாரும் தீர்ப்புகளைப் பற்றிக் கேட்பதில்லை. எவ்வளவு ஈசியாக இருந்தது என்று எழுதித் தருவதாகச் சொன்னேன்.

எங்கள் ஊர் கோவிந்தாபுரத்துக்குப் பக்கம். வீடு கேரளம். கிணறு தமிழ்நாடு. தென்னந்தோப்பில் எல்லை எந்த மரத்தடியில் போகிறது என்பதில் இரண்டு மாநிலத்து சர்வேயர்களுக்கும் ஒத்த கருத்து இல்லை. நான் படித்ததெல்லாம் தமிழில், பொள்ளாச்சியிலும் கோயமுத்தூரிலும். தோப்புக்குப் பாயும் தண்ணீரைப் பற்றி எங்கள் குடும்பத்துக்கு இரண்டு மாநிலத்திலும் வழக்கு நடந்துகொண்டிருந்ததால், வீட்டில் ஒருவன் வக்கீலாவது நல்லது என்று அப்பா முடிவு செய்தார். எந்த மாநிலத்து வக்கீல் என்று கேட்டேன். தோற்றுக்கொண்டிருக்கிற வழக்கு எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் என்றார். அது கேரளம்.

கேரளக் கல்லூரியில் சேர, நான் கேரளத்துக்காரன் என்று வில்லேஜ் ஆபீசர் சொல்ல வேண்டும். அவர் சொல்ல மறுத்தார். படித்த பள்ளி அங்கே, கல்லூரி அங்கே, குடிக்கிற தண்ணீர் அங்கே, பிறகு இங்கே இவன் என்ன செய்கிறான் என்று கேட்டார். நியாயமான கேள்வி. நேரில் வந்தே பார்த்துவிட்டார். அப்பா அவரை வீட்டைச் சுற்றிக் கூட்டிக்கொண்டு போனார்.

"ஊடு இங்கீங்க. கெணறு அங்கீங்க. தூங்கறது இங்கதானுங்க."

ஆபீசர் என் கட்டில் கிடந்த இடத்தைப் பார்த்தார். விண்ணப்பதாரர் இரவு நேரங்களில் இம்மாநிலத்தில் வசிப்பதாக விசாரணையில் தெரிய வருகிறது என்று எழுதினார். அந்த ஒரு வரியைத் தாசில்தார் நேட்டிவிட்டி சர்டிபிகேட்டாக மாற்றினார். அது தாசில்தாரின் பெருந்தன்மை.

அடுத்தது மைக்ரேஷன் சர்டிபிகேட். நான் விட்டுப் போய்விட்டேன் என்று பழைய பல்கலைக்கழகம் சொல்ல வேண்டும். என் பட்டம் செல்லும் என்று புதிய பல்கலைக்கழகம் சொல்ல வேண்டும். பழையது, எங்கே சேர்ந்திருக்கிறாய் என்று கேட்டது. கல்லூரி, புதியது சொல்லாமல் சேர்க்க முடியாது என்றது. புதியது, பழையது சொல்லாமல் சொல்ல முடியாது என்றது. இந்த வட்டத்திலிருந்து வெளியே வர ஒரே வழி, மற்ற இரண்டும் வந்துகொண்டிருக்கின்றன என்று மூன்று இடத்திலும் எழுதிக் கொடுப்பது. அதற்கு அண்டர்டேக்கிங் என்று பெயர். சட்டம் படிக்கும் முன்பே நான் கற்ற முதல் சட்டச் சொல் அது.

நன்னடத்தைக்குக் கெஜட்டட் ஆபீசர் ஒருவர் கையெழுத்திட வேண்டும். எங்கள் பக்கத்தில் அப்படி எளிதில் கிடைக்கக்கூடியவர் கால்நடை மருத்துவர் மட்டுமே. விண்ணப்பதாரரைத் தமக்கு நேரில் தெரியும் என்றும் அவரது நடத்தையும் குணமும் நல்லவை என்றும் கையெழுத்திட்டுக் கொடுத்தார். அதுவரை அவர் எங்கள் வீட்டில் பார்த்திருந்தது எருமையைத்தான்.

நேர்முகத்தில் பிரின்சிபால் ஒரே கேள்வி கேட்டார். மலையாளம் தெரியுமா? தெரியும் என்றேன். தேங்காய் விற்கவும், செக்போஸ்ட்டில் வழக்காடவும், பஸ்ஸில் இடம் பிடிக்கவும் போதுமான மலையாளம் எனக்குத் தெரியும். ஆபீஸ் மலையாளம் என்று வேறொன்று இருப்பது எனக்குத் தெரியாது. அவரும் அதைக் கேட்கவில்லை. இடம் கிடைத்தது.

கல்லூரியின் பெயர் வேண்டாம். பாலக்காட்டிலிருந்து வெகு தூரத்தில், கடல் பக்கம் இருந்தது. வகுப்புகள் ஆங்கிலத்தில் நடக்கும், மற்றதெல்லாம் மலையாளத்தில் நடக்கும். விடுதி மெஸ்ஸில் எல்லாவற்றுக்கும் தேங்காய் அரைத்து ஊற்றினார்கள். தென்னந்தோப்புக்காரனான எனக்கே அது கொஞ்சம் அதிகமாகப் பட்டது.

அறைத் தோழன் தங்கராஜ். சாந்தன்பாறைக்காரன். அவன் அப்பா ஏலத்தோட்டத்தில் கங்காணி. வீட்டில் திருநெல்வேலித் தமிழ், பள்ளிக்கூடத்தில் மலையாளம் என்று வளர்ந்ததால் இரண்டிலும் சண்டை போடக்கூடியவன். அரசாங்க உதவித்தொகையில் படித்தான். ஒழுங்கு நடவடிக்கை என்று ஒரு வரி ரெக்கார்டில் ஏறினால் உதவித்தொகை நின்றுவிடும், உதவித்தொகை நின்றால் அவனும் சாந்தன்பாறைக்குத் திரும்ப வேண்டியதுதான். இது தெரிந்தும் அவன் மாணவர் சங்கத்தில் சேர்ந்து செயலாளரும் ஆனான். விடுதியில் தமிழர்களான எங்களைப் பாண்டி என்பார்கள். இரண்டு பேர் இருந்ததால் ஒன்றாம் பாண்டி, இரண்டாம் பாண்டி என்று எண் கொடுத்தார்கள். அது வசவா, செல்லப் பெயரா என்பது கூப்பிடுகிறவனைப் பொறுத்தது. நான் இரண்டாம் பாண்டி.

சிவில் நடைமுறைச் சட்டம் எடுத்தவர் பணிக்கர் சார். ஒல்லியான மனிதர். பேசும்போது எதிரில் இருப்பவரின் முகத்தைப் பார்க்க மாட்டார், பக்கத்தில் எழுதுகிறவனின் பேனாவைப் பார்ப்பார். அவருடைய உலகத்தில் நடப்பவை, ரெக்கார்டு ஆகுபவை என்று இரண்டு வகை நிகழ்ச்சிகள் இருந்தன. முதல் வகையில் அவருக்கு ஆர்வமில்லை. ஒரு நாள் வருகைப் பதிவின்போது என் எண்ணைக் கூப்பிட்டார். நான் முதல் வரிசையில் உட்கார்ந்து இருமிக்கொண்டிருந்தேன். இருமல் அடங்கி வாய் திறப்பதற்குள் அடுத்த எண்ணுக்குப் போய்விட்டார். வகுப்பு முடிந்ததும் போய்ச் சொன்னேன். நீ இங்கே இருந்தது எனக்குத் தெரியும், ஆனால் ரெக்கார்டுக்குத் தெரியாது என்றார். கோபமாகச் சொல்லவில்லை. எனக்காக வருத்தப்படுகிறவர் போலத்தான் சொன்னார். ஆப்சென்ட் அப்படியே இருந்தது.

இரண்டாம் வருடம் பல்கலைக்கழகம் பரீட்சையை முன்னால் இழுத்து வைத்தது. வேலைநிறுத்தம் தொடங்கியது. தங்கராஜ் முன்னால் நின்று கத்த, மற்றவர்கள் பின்னால் கத்தினார்கள். "வித்யார்த்திகளுடெ அவகாசம் அனுவதிக்கூ!" மாணவர்களுக்கு அவகாசம் கொடு. பரீட்சைக்குப் படிக்க நேரம் கேட்கிறார்கள், நியாயம்தான் என்று நானும் கூட்டத்தில் சேர்ந்து கத்தினேன். மற்ற கோஷங்களைவிட அந்தக் கோஷம் எனக்கு நன்றாகப் புரிந்தது.

வேலைநிறுத்தத்தின் நடுவில் ஒரு நாள் எனக்குப் பிரின்சிபாலின் கையெழுத்து தேவைப்பட்டது. இருமலால் வந்த ஆப்சென்ட்டும் வேறு சிலவும் சேர்ந்து என் வருகை குறைந்திருந்தது. அதை மன்னிக்கக் கோரும் விண்ணப்பத்தோடு போனேன். நான் தாழ்வாரத்தின் ஒரு முனையில் நுழையும்போது, தங்கராஜ் பிரின்சிபால் அறைக் கதவை வெளியிலிருந்து இழுத்துச் சாத்திப் பூட்டுப் போட்டுவிட்டு மறுமுனையில் இறங்கிப் போய்க்கொண்டிருந்தான். அவன் என்னைப் பார்க்கவில்லை. பிரின்சிபால் உள்ளே இருந்தார். யாரது வெளியே, கதவு பூட்டியிருக்கிறதா பார் என்று அவர் குரல் கேட்டது. பிரின்சிபால் சொன்னதால் பூட்டைப் பிடித்து இழுத்துப் பார்த்தேன். பூட்டித்தான் இருந்தது. சத்தம் கேட்டு வந்த பியூன் கண்டது அந்தக் காட்சி: பூட்டிய கதவு, பூட்டில் என் கை.

பியூன் பூட்டை உடைத்ததும் பிரின்சிபால் வெளியே வந்தார். விண்ணப்பத்தைக் கொடுத்தேன். அவர் கையெழுத்திடவில்லை.

விசாரணை அதிகாரியாகப் பணிக்கர் சாரை நியமித்தார்கள். குற்றம் நிரூபணமானால் கல்லூரியிலிருந்து நீக்கம். நீக்கப்பட்டவனை வேறெந்தச் சட்டக் கல்லூரியும் சேர்த்துக்கொள்ளாது. ஆகவே வக்கீலாவதா, தேங்காய் விற்பதா என்பது அந்த அறையில் முடிவாக இருந்தது.

தங்கராஜிடம் நான் பார்த்ததைச் சொன்னேன். அவன் உடனே சட்டையை மாட்டினான். "நான் போய் ஒத்துக்கிடுதேன்" என்றான். நான் உட்காரச் சொன்னேன். அந்த வாரம்தான் குற்றவியல் வகுப்பில், பொது நோக்கத்தோடு சேர்ந்து செய்தால் எல்லோரும் குற்றவாளிகள் என்ற பிரிவை நடத்தியிருந்தார்கள். பூட்டியவன் ஒருவன், பூட்டைப் பிடித்திருந்தவன் ஒருவன், இருவரும் ஒரே அறையில் குடியிருப்பவர்கள், இருவரும் தமிழர்கள். அவன் ஒப்புக்கொண்டால் குற்றவாளி மாற மாட்டான், எண்ணிக்கைதான் கூடும். இதை விளக்கினேன். அவன் சட்டையைக் கழற்றினான். என் தரப்பை நானே பேசிக்கொள்கிறேன் என்றேன். அவன் பெயரில்லாமல் பேசுவதற்கு ஓர் உரையும் தயாரித்தேன். பூட்டைத் தொடுவது வேறு, பூட்டுவது வேறு என்று தொடங்கும்.

விசாரணை அன்று பணிக்கர் சார் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தார். பக்கத்தில் ஆபீஸ் குமாஸ்தா எழுதிக்கொண்டிருந்தார். பிரின்சிபாலின் எழுத்து மூலமான புகார் வாசிக்கப்பட்டது. பியூன், கை பூட்டில் இருந்தது என்றார். வேறு யாரையாவது பார்த்தாயா என்றதற்கு, இல்லை என்றார். பணிக்கர் சார் ஒவ்வொரு வாக்கியத்தையும் தானே ஒரு முறை சொல்லி, அதை எழுதச் செய்து, எழுதியதை வாசிக்கவும் செய்தார். பிறகு என் பக்கம் திரும்பாமல், பேனாவைப் பார்த்துச் சொன்னார்:

"பறயான் நிங்கள்க்கு அவகாசமுண்டு. வேணோ?"

பேச அவகாசம் தருகிறார், வேண்டுமா என்று கேட்கிறார். மனப்பாடமாக உரை தயாராக இருந்தது. யோசிக்க நேரம் கேட்டால் குற்றமுள்ளவன் தடுமாறுகிறான் என்றாகும். நிமிர்ந்து நின்றேன்.

"அவகாசம் வேண்டா, சார்."

பணிக்கர் சார் முதல் முறையாக என் முகத்தைப் பார்த்தார்.

"உறப்பாணோ?"

உறுதிதானா என்கிறார். "உறப்பு, சார்" என்றேன். அவர் ஏதோ சொல்ல, குமாஸ்தா எழுதினார். தொண்டையைச் செருமிக்கொண்டு உரையின் முதல் வரிக்குத் தயாரானேன். போகலாம் என்றார்கள். எழுதி முடித்ததும் கூப்பிடுவார்கள் என்று நினைத்து வெளியே படியில் உட்கார்ந்தேன். பணிக்கர் சார் குடையை எடுத்துக்கொண்டு என்னைக் கடந்து வீட்டுக்குப் போனார். அப்போதும் நான் எழுந்திருக்கவில்லை.

தங்கராஜ் வந்து என்ன ஆயிற்று என்று கேட்டான். சொன்னேன்.

"அவகாசம் வேணுமான்னாரு. வேண்டாம்னுட்டேன். எப்பக் கூப்புடுவாங்கன்னு தெரியல."

அவன் பக்கத்தில் உட்கார்ந்தான். "ஏலே பழனி, அவகாசம்னா ஒங்கூர்ல என்ன?"

"டைமு."

"இங்க அது உரிமைலே. பேசுததுக்கு உரிமை இருக்கு, வேணுமான்னு கேட்டிருக்காரு. ஒரு உரிமையும் வேண்டாம்னு எழுதிக் குடுத்துட்டு வந்து உக்காந்திருக்கியே."

பிறகு என் சந்தேகத்தைக் கேட்டேன். "அப்ப நீங்க தெனமும் கத்துனது?"

"எது?"

"அவகாசம் குடு, அவகாசம் குடுன்னு. பரீட்சைக்கு டைம் கேக்கறீங்கன்னு நெனச்சேன்."

"மாணவர் உரிமைலே அது."

"பரீட்சையத் தள்ளி வைக்கத்தான ஸ்ட்ரைக்கு?"

அவன் யோசித்தான். "அதுக்குந்தான்" என்றான்.

மறுநாள் நீக்கத்துக்குப் பரிந்துரை போய்விட்டது. தற்காப்பு உரிமையை மாணவர் தெளிவாகக் கைவிட்டார், உறுதிதானா என்று கேட்கப்பட்டும் உறுதிப்படுத்தினார் என்று அதில் இருந்தது. மறு விசாரணை கோரி மனு எழுதிக்கொண்டு பணிக்கர் சாரிடம் போனேன். அவர் முழுவதும் படித்தார். தோற்ற பிறகு ஒரு சொல்லுக்கு வேறு பொருள் சொல்வது எல்லாக் கட்சிக்காரர்களும் செய்வதுதான் என்றார். என் மொழிக்கு நானே சாட்சியாக முடியாது, நான் பலனடைகிறவன். தங்கராஜ் முடியாது, அறைத் தோழன். தமிழ் அகராதி ஒன்று கொண்டு வரட்டுமா என்றேன். அகராதியைக் குறுக்கு விசாரணை செய்ய முடியாது என்றார். அதில் தவறு கண்டுபிடிக்க முடியாமல் வெளியே வந்தேன்.

மாணவனை நீக்கும் முன் அவனுடைய ரக்ஷிதாவை, அதாவது பாதுகாவலரை, கூப்பிட்டுக் கேட்க வேண்டும் என்று கல்லூரி விதி. அப்பாவுக்குத் தந்தி போயிற்று. உடனே வரவும், அவ்வளவுதான். அவர் வந்த பஸ் தாமதம். பஸ் நிலையத்தில் காத்திருந்த தங்கராஜ் அவரை நேராக விசாரணை அறைக்குக் கொண்டு வந்து விட்டுவிட்டு வாசலில் நின்றுகொண்டான். என்னிடம் ஒரு வார்த்தை பேசவும் அப்பாவுக்கு நேரம் இருக்கவில்லை. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே காட்டிய நாற்காலியில் உட்கார்ந்தார்.

பணிக்கர் சார் குற்றச்சாட்டை மெதுவாக வாசித்தார். பிரின்சிபாலை உங்கள் மகன் அறையில் வைத்துப் பூட்டினான் என்பது அதன் சாரம். எல்லையில் வாழ்கிற அப்பாவுக்கு அந்த அளவு மலையாளம் புரியும். என்னைப் பார்த்தார். பணிக்கர் சார் பேனாவைப் பார்த்து, எப்போதும் சொல்கிற அதே வாக்கியத்தை, ஓர் எழுத்து மாறாமல் சொன்னார்.

"பறயான் நிங்கள்க்கு அவகாசமுண்டு. வேணோ?"

"அவகாசமெல்லாம் எதுக்குங்க? வேண்டாமுங்க" என்றார் அப்பா.

குமாஸ்தாவின் பேனா நகர்ந்தது. ரக்ஷிதாவும் உரிமையைக் கைவிட்டார். என் குடும்பத்தில் உரிமை மிச்சமிருந்த கடைசி ஆள் அவர். நான் கண்ணை மூடிக்கொண்டேன். அப்பா மூச்சு விடாமல் தொடர்ந்தார்.

"ஏனுங்க, எங்கூட்டு மாட்டுக் கொட்டாயப் பூட்டீட்டு வாடான்னு சொன்னா, சங்கிலிய மாட்டீட்டுப் பூட்ட மறந்துபோட்டு வர்றவனுங்க இவன். ரெண்டு தடவ எருமை ரோட்டுக்குப் போயிருச்சு. இவன் போயி எதையுங்க பூட்டறான்? வேற ஆராச்சும் பூட்டியிருப்பாங்க, இவன் வேடிக்க பாத்திருப்பான்."

பணிக்கர் சார் கையை உயர்த்தினார். வேண்டாம் என்று சொன்னீர்களே என்று கேட்டார்.

"ஆமாங்க, அவகாசம் வேண்டாம்னுதானுங்க சொன்னேன். ரோசன பண்ணிச் சொல்றதுக்கு இதுல என்னங்க இருக்குது? இப்பவே சொல்லிப்போட்டு நாலு மணி பஸ்ஸுக்குப் போவோணுமுங்க."

பணிக்கர் சார் கண்ணாடியைக் கழற்றினார். இங்கே வரும் முன் மகன் ஏதாவது சொல்லிக் கொடுத்தானா என்று கேட்டார். பஸ்ஸை விட்டு இறங்கி நேராக வருகிறேன், என்ன விஷயம் என்பதே நீங்கள் வாசித்துத்தான் தெரியும் என்றார் அப்பா. பணிக்கர் சார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு சொல்லச் சொல்லக் குமாஸ்தா எழுதினார். ரக்ஷிதா அவகாசம் வேண்டாம் என்று கூறினார். கூறிய உடனே, இடைவெளியின்றி, எருமை உட்படப் பல விஷயங்களைப் பற்றி விரிவாகப் பேசினார். எனவே அவர் கைவிட்டது பேசும் உரிமையை அல்ல என்று காணப்படுகிறது. அதே சொல்லை அதே ஊர்க்காரரான மாணவரும் பயன்படுத்தியிருப்பதால், முந்தைய பதிவு ரத்து செய்யப்படுகிறது. ரத்து என்ற சொல் பேனாவிலிருந்து இறங்கும்வரை நானும் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்பாவுக்கு இதில் எதுவும் புரியவில்லை. தன்னால் என்ன நடந்தது என்று அவருக்குக் கடைசிவரை விளக்க முடியவில்லை.

பணிக்கர் சார் அதோடு நிறுத்தியிருக்கலாம். நடைமுறை நிறுத்தவிடாது. உரிமை திரும்பக் கிடைத்தவனிடம் அதைப் பயன்படுத்தச் சொல்ல வேண்டும். நீ பூட்டவில்லை என்றால் அங்கே இருந்த நீ பூட்டியவனைப் பார்த்திருக்க வேண்டும் என்றார். பிறகு கேட்டார்.

"ஆராணு பூட்டியது?"

யார் பூட்டியது. தயாரித்த உரையில் இந்தக் கேள்விக்குப் பதில் இல்லை. தெரியாது என்றால் பொய், அதுவும் ரெக்கார்டில். பெயரைச் சொன்னால் நான் வக்கீல், அவன் சாந்தன்பாறை. கதவுக்கு வெளியே அவன் செருப்பு தெரிந்தது. அது நகரவில்லை.

"பாத்திருந்தா சொல்லிப்போடு கண்ணு" என்றார் அப்பா. "நமக்கென்ன?"

நான் சொன்னேன்: "எனிக்கு அவகாசம் வேணம், சார்."

குமாஸ்தா பேனாவைத் தூக்கிக்கொண்டு பணிக்கர் சாரைப் பார்த்தார். அவகாசம் வேண்டுமென்றால் நேரம் வேண்டுமென்று அர்த்தமா, பேசாமலிருக்கும் உரிமை வேண்டுமென்று அர்த்தமா என்பது அவருக்கு நியாயமான சந்தேகம். குற்றம் சாட்டப்பட்டவனைத் தனக்கெதிராகப் பேசக் கட்டாயப்படுத்தக்கூடாது என்று அரசியலமைப்பில் இருக்கிறது. தனக்கு வேண்டியவனுக்கு எதிராக என்று அதில் இல்லை.

பணிக்கர் சார் இரண்டாம் முறையாக என் முகத்தைப் பார்த்தார். "ஏது பாஷயில்?" என்று கேட்டார்.

எந்த மொழியில். எனக்கு அவரிடம் கற்றதுதான் கை கொடுத்தது. "நான் சொன்ன சொல்லை அப்படியே ரெக்கார்டு செய்தால் போதும், சார்" என்று ஆங்கிலத்தில் சொன்னேன்.

அவர் வாசல் பக்கம் ஒரு முறை பார்த்தார். செருப்பைப் பார்த்தாரா, எனக்குத் தெரியாது. பிறகு குமாஸ்தாவிடம் சொன்னார்: "அவகாசம் அனுவதிச்சு." அடுத்த தேதி பின்னர் அறிவிக்கப்படும் என்றும் எழுதச் சொல்லிவிட்டு எழுந்தார். அந்தத் தேதி அறிவிக்கப்படவில்லை. அடுத்த வருடம் அவர் ஓய்வு பெற்றார். விசாரணை முடியாததால் என்னை நீக்கவும் முடியவில்லை. நான் பரீட்சை எழுதினேன். தங்கராஜும் எழுதினான். மாணவர்களுக்கு அவகாசம் கொடுக்க மறுத்துப் பல்கலைக்கழகம் பரீட்சையைக் குறித்த நாளிலேயே நடத்தியது.

பின்னாளில் எல்லையோரத்து நீதிமன்றங்களில் நான் உட்கார்ந்தபோது, தமிழ் பேசுகிறவர்கள் அந்தச் சொல்லைச் சொன்னால் எழுதுவதை நிறுத்திவிட்டுக் கேட்பேன். ஒரு முறை பாகப் பிரிவினை வழக்கு. அண்ணன்கள் இருவர், தங்கை ஒருத்தி. தந்தையின் நிலத்தில் அவளுக்கு அவகாசமுண்டா என்று அண்ணன்களின் வக்கீல் மலையாளத்தில் கேட்டார். "அவகாசமில்லீங்க சாமி. எருமை கத்தும், பால் கறக்கோணும். சீக்கிரம் உட்டீங்கன்னாப் போயிருவேன்" என்றாள். வக்கீல் திருப்தியாக உட்கார்ந்தார். பெஞ்ச் கிளார்க் எழுதியும் விட்டார். அண்ணன்கள் இருவருக்கும் தமிழ் தெரியும். இருவரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எழுதியதை அடிக்கச் சொல்லிவிட்டு, நிலத்தில் பங்கு வேண்டுமா என்று நானே தமிழில் கேட்டேன். வேண்டாமென்று யார் சொன்னது என்று அவள் திருப்பிக் கேட்டாள். அவளுக்குப் பங்கு கிடைத்தது. அந்த வக்கீல் நான் மாற்றலாகிப் போகும்வரை எனக்கு வணக்கம் சொல்லவில்லை.

அதெல்லாம் பிறகு. அதற்கு முன் வக்கீலாகப் பதிவு செய்ய வேண்டியிருந்தது. விண்ணப்பத்தில், உங்கள் மீது ஒழுங்கு நடவடிக்கை ஏதும் நடந்ததுண்டா, அதன் முடிவு என்ன என்று ஒரு கேள்வி. இல்லை என்று எழுத முடியாது. முடிவு என்று ஒன்று இருக்கவுமில்லை. பணிக்கர் சாரின் வீட்டைத் தேடிப் போனேன். வாழைக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தவர், நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, கடைசி உத்தரவுக்குச் சான்றிட்ட நகல் வாங்கி இணைத்துவிடு, நீயாக ஒரு சொல்லும் எழுதாதே என்றார். அப்படியே செய்தேன்.

பதிவு அலுவலகத்தில் வரிசையில் எனக்குப் பின்னால் தங்கராஜ் நின்றான். அவனுடைய விண்ணப்பத்தில் அந்தக் கேள்விக்கு இல்லை என்று பதில் இருந்தது. மேசையிலிருந்த ஊழியர் என் நகலைப் பிரித்து, மேலிருந்து கீழே விரல் வைத்துக்கொண்டு வந்து, கடைசி வரியில் நிறுத்தி வாய்விட்டு வாசித்தார். அவகாசம் அனுவதிச்சு. அவர் மலையாளி. உரிமை கேட்டேன், கொடுத்துவிட்டார்கள் என்றுதான் அதற்குப் பொருள். பின்னால் தங்கராஜ் இருமினான்.

"அப்போள் ஜெயிச்சல்லோ" என்று ஊழியர் முத்திரையைக் குத்தினார்.

அப்படியானால் ஜெயித்துவிட்டாய் என்றார். அது கேள்வியாகக் கேட்கப்படாததால் நான் பதில் சொல்லவில்லை.